இன்றைக்கு யார் சிவப்பு?

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா விடையும் தெரிந்துவிட்டால் ஒரு ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் சொல்வீர்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஏறக்குறைய ஒரு பருவம் முழுக்கச் சந்தோஷமாகவே திரிந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், அந்த மாதிரிச் சந்தோஷம் வந்தால் கொஞ்சம் உஷாராக இருந்துகொள்ளுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது பரளச்சிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. பாளையம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல். அந்த வகுப்பில் சுவரில் ஒரு டிவி மாட்டியிருந்தார்கள். பிறகு ஒரு பயிற்சியில் விடை அட்டைகள் கொடுத்தார்கள். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கையளவு அட்டையில் கறுப்புக் கட்டங்கள், பிள்ளைக்குப் பிள்ளை வேறு மாதிரி. நாலு ஓரத்திலும் பொடி எழுத்தில் அ, ஆ, இ, ஈ. எது விடை என்று நினைக்கிறார்களோ அந்த எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் முன்னால் நின்று செல்போன் கேமராவை ஒரு சுற்றுக் காட்டுவேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்று டிவியில் பெயரோடு வந்துவிடும். சரி என்றால் பச்சை. தப்பு என்றால் சிவப்பு.

அட்டை ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருப்பதால் அடுத்தவரைப் பார்த்து எழுதுவது மாதிரியான வேலை இதில் நடக்கவே நடக்காது என்று பயிற்சியில் சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கள் எட்டாம் வகுப்பைப் பார்த்ததில்லை.

முதல் சில நாள் டிவி முழுக்க ஒரே சிவப்பு. மிளகாய் வற்றல் காயப்போட்ட களம் மாதிரி இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை தட்டியது. அப்புறம் பார்த்தால் தினமும் பச்சைதான். எங்கோ ஒன்றிரண்டு பெயர் மட்டும் சிவப்பில் இருக்கும். அந்த ஒன்றிரண்டு இருந்ததே எனக்கு நம்பிக்கையைக் கொடுத்தது. எல்லாமே பச்சை என்றால் சந்தேகம் வந்திருக்கும்.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனுஷன். ஆனால் பயந்த சுபாவம். யாராவது மேலே இருந்து போன் செய்தால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று பேசுவார். அவருக்கு அந்தப் பச்சை ரொம்பப் பிடித்துப்போனது. வகுப்பு முடிகிற நேரம் பார்த்து வந்து டிவியைப் போட்டோ எடுத்து, தலைமையாசிரியர்கள் குழுவில் போடுவார். மழையை நம்பி மானாவாரி வெள்ளாமை பார்க்கிறவர், பச்சையைக் கண்டால் படம் எடுக்கத்தான் செய்வார் என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

அந்தப் போட்டோக்கள் வேலையைக் காட்டின. கல்வி அதிகாரி ஒரு நாள் வந்து என் வகுப்பைப் பார்ப்பதாகவும், பக்கத்துப் பள்ளிகளிலிருந்து சில ஆசிரியர்களைக் கூட்டி வருவதாகவும் தகவல் வந்தது. கல்வி அலுவலகத்தில் கூடுதலாக ஒரு டிவி இருக்கிறது, எந்தப் பள்ளிக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என்றும் தலைமையாசிரியர் சார் காதுக்கு எட்டியது. ஏழாம் வகுப்புக்கு அதை வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், சத்துணவு நேரத்தில், கை கழுவுகிற குழாய்ப் பக்கம் பிள்ளைகள் சத்தம். போய்ப் பார்த்தால் என் வகுப்புக் கருப்பசாமியை மூன்று பேர் புழுதியில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவனும் சும்மா இல்லை, ஒருத்தன் காலரை விடாமல் பிடித்திருந்தான். பக்கத்தில் வகுப்புத் தலைவி முத்துமாரி கையைக் கட்டிக்கொண்டு பஞ்சாயத்துப் பண்ண வந்தவள் மாதிரி நின்றாள்.

இவர்கள் இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முத்துமாரி முதல் பெஞ்சில் நடுவில் உட்காருவாள். புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்பது வரைக்கும் சொல்வாள். இரட்டைச் சடை. அதை மடித்துக் கட்டச் சொல்லி சார் பலமுறை சொல்லிவிட்டார், ரிப்பன் பத்தவில்லை, தலை வலிக்கிறது என்று ஏதாவது காரணம் சொல்லித் தொங்கவிட்டே வருவாள். கருப்பசாமி நாலாவது பெஞ்சு. பேசமாட்டான். பரீட்சைத் தாளில் பெயரை மட்டும் அழகாக எழுதுவான்.

இரண்டு பேரையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் என்ன சண்டை என்று கேட்டேன். முத்துமாரிதான் சொன்னாள், நியாயம் தன் பக்கம் இருக்கிற தைரியத்தில்:

"இன்னிக்கு அவன் முறை டீச்சர். முறையை மீறிட்டான்."

என்ன முறை என்று கேட்டேன்.

"செகப்பு முறை."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மெதுவாகத்தான் கதை வெளியே வந்தது.

முத்துமாரியின் இடது சடை முன்னால் கிடந்தால் விடை அ. வலது சடை முன்னால் கிடந்தால் ஆ. இரண்டும் முன்னால் என்றால் இ. இரண்டும் முதுகில் என்றால் ஈ. அவள் முதல் பெஞ்சில் இருந்ததால் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் சடை தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். முடியோடு விளையாடாதே என்று நானே அவளை எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் முடியோடு விளையாடவில்லை, முப்பது சொச்சம் பேருக்கு விடை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதோடு நிற்கவில்லை. எல்லாரும் சரியாகச் சொன்னால் டீச்சருக்குச் சந்தேகம் வரும் என்று யோசித்து, தினம் இரண்டு பேர் வேண்டுமென்றே தப்பாகக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பெஞ்சு வரிசைப்படி முறை. முத்துமாரிக்கு மட்டும் விலக்கு, அவள் தப்பாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்களாம். காலையில் பிரேயர் முடிந்து வகுப்புக்கு வரும்போதே "இன்னிக்கு யாருலே செகப்பு?" என்று கேட்டு உறுதி பண்ணிக்கொள்வார்களாம்.

அன்றைக்குக் கருப்பசாமி முறை. அன்றைக்கு நான் கேட்ட கேள்வி ஒன்று பாடத்திலிருந்து கொஞ்சம் விலகியது. ஒரே அளவு தண்ணீரைத் தாம்பாளத்திலும் சொம்பிலும் ஊற்றி வெயிலில் வைத்தால் எது முதலில் வற்றும், ஏன்? பச்சை வந்தவர்களில் கருப்பசாமியும் இருந்தான். சிவப்பு ஒன்று குறைந்தது. கட்டுப்பாட்டை மீறினான் என்று மத்தியானம் புழுதியில் உருட்டிவிட்டார்கள்.

ஏன்டா மாற்றிக் காட்டினாய் என்று அவனைக் கேட்டேன். சட்டையில் பொத்தான் போன இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"எனக்கே தெரிஞ்சிருச்சு டீச்சர். சடையப் பாக்கவே இல்ல. தெரிஞ்சப்புறம் எப்படித் தப்பாக் காட்டுறது?"

எப்படித் தெரிந்தது என்றேன். கண்மாய் வற்றிப்போன பிறகும் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதே என்று நினைத்துப் பார்த்தானாம். அகலமாக இருந்தால் வெயிலுக்கு வசதி என்றான்.

கிணற்றுக்கு ஊற்று இருக்கிறது, அது வேறு கணக்கு. ஆனால் அதை அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையன் முதல்முறையாகத் தானாக ஒன்றை யோசித்திருக்கிறான். அதற்கு அடி வாங்கியிருக்கிறான்.

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. நாலு விடையை இரண்டு சடைக்குள் அடக்கியிருக்கிறார்கள். தப்பைக்கூட ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டிருக்கிறார்கள். ஒரு பருவம் வரைக்கும் ஒருத்தர் வாயிலிருந்தும் வெளியே வரவில்லை. இத்தனை மூளையை எதிரே உட்கார வைத்துக்கொண்டு நான் இவர்களிடம் எரிவதற்குத் துணை செய்யும் வாயு எது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தில் பதில் முடிந்துவிடுகிற கேள்வியைச் சடை தூக்கிக்கொண்டு போய்விடும். கருப்பசாமியின் கண்மாயைச் சடையால் தூக்க முடியாது.

சாரிடம் சொல்லிவிடலாம் என்று தேடிப் போனேன். அவர் ஏழாம் வகுப்பில் ஸ்டூல் மேல் நின்று, புது டிவிக்காகச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலை இறக்கிச் சந்தோஷமாகச் சொன்னார்: "டீச்சர், நாளைக்கு அந்த ரெண்டு செகப்பும் இல்லாமப் பாத்துக்கிருங்க." சரி சார் என்று திரும்பி வந்துவிட்டேன்.

கடைசிப் பாடவேளையில் வகுப்புக்குப் போனேன். விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கு முன்பே வகுப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் கரும்பலகையில் இரண்டு சடை படம் வரைந்து, யார் யோசனை இது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை, பொறி என்று நினைத்துவிட்டார்கள். முத்துமாரிதான் எழுந்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

"டீச்சர், நாளைக்கு எத்தனை செகப்பு வேணும்?"

கேலி இல்லை. பள்ளிக்கூடத்துக்காக, எனக்காக, மனசாரக் கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் ஆடிப்போய்விட்டேன். நாளைக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிவி முழுக்கப் பச்சை, சாருக்குச் சந்தோஷம், ஏழாம் வகுப்புக்கு டிவி, எனக்குக் கைதட்டல். அதன் பிறகு திருத்திக்கொள்ளலாமே என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. நாலாவது பெஞ்சைப் பார்த்தேன். கருப்பசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவரவர் நினைத்ததை அவரவர் காட்டுங்கள் என்றேன். தப்பாக இருந்தால் என்று ஒருத்தன் கேட்டான். தப்பாகவே காட்டு என்றேன். டீச்சருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் அதிகாரி வந்தார். அதிகம் பேசாத அம்மா. கூட வந்த ஆசிரியர்களோடு பின்னால் உட்கார்ந்துகொண்டு, தனக்கும் ஒரு அட்டை வேண்டும் என்று கேட்டு வாங்கினார். சார் வாசலில் போனைத் தயாராகப் பிடித்து நின்றார். முத்துமாரி உள்ளே வந்தபோதுதான் கவனித்தேன். இரண்டு சடையையும் மடித்து, ரிப்பனால் இறுக்கிக் கட்டியிருந்தாள். யார் நினைத்தாலும் அசைக்க முடியாது.

கேள்வியை டிவியில் போட்டேன். எங்கள் பக்கம் வேலிக்கருவை மரத்தை வெட்டி அடுக்கி, மண் மூடி உள்ளே கனலவிட்டு, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பிள்ளைகள் வீட்டில் அந்த வேலை. ஒரு லோடு விறகை மூட்டம் போட்டால் வெளியே வருகிற கரி அதில் பாதி எடைகூட இருக்காது. மீதி எடை எங்கே போனது? அ, சாம்பலாகிவிட்டது. ஆ, புகையாகப் போய்விட்டது. இ, சூட்டில் விறகே லேசாகிவிட்டது. ஈ, மண் உறிஞ்சிவிட்டது.

படித்ததும் பழக்க தோஷத்தில் அத்தனை தலையும் முதல் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. மடித்துக் கட்டிய சடையைப் பார்த்துவிட்டு அத்தனை தலையும் திரும்பக் குனிந்தது. அட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நான் போனைச் சுற்றிக் காட்டினேன். எது சரி என்று காட்டும் பொத்தானை நான் அழுத்தவில்லை, எந்த விடைக்கு எத்தனை பேர் என்பது மட்டும் டிவியில் வந்தது. நாலு விடைக்கும் ஆள் இருந்தது. பெரிய கூட்டம் சாம்பலுக்கு.

சார் வேகமாக உள்ளே வந்து என் காதருகே, போனில் ஏதும் கோளாறா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அப்படியென்றால் விடையைப் போட்டுவிடுங்கள், எல்லாரும் மாற்றிக்கொள்வார்கள் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனார். இந்த இடத்தில்தான் கை தானாகப் பொத்தானுக்குப் போகும். போகவிடாதீர்கள்.

வேறு விடை காட்டிய ஒருவரைத் தேடிப்போய் உன் காரணத்தைச் சொல், அவர் காரணத்தைக் கேள் என்று பிள்ளைகளை எழுப்பிவிட்டேன். வகுப்பு சந்தை மாதிரி ஆனது. கருப்பசாமி காட்டியது சாம்பல். முத்துமாரி காட்டியது இ. அவள் நேரே நாலாவது பெஞ்சுக்குப் போனாள். நேற்று அவள் அவனை அடி வாங்கவைத்த கணக்கு வேறு இரண்டு பேருக்கும் நடுவில் பாக்கி இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

சூடானால் காற்று லேசாகும், புத்தகத்திலேயே இருக்கிறது என்றாள் முத்துமாரி.

கருப்பசாமி கொஞ்சம் யோசித்தான். "ஆறுனப்புறமும் கரி லேசாத்தான இருக்கு?"

புத்தகம் கைவிட்டதை அவள் முகத்தில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் விடுகிற ஆள் இல்லை.

"சரி, சாம்பலாப் போச்சுன்னா, அம்புட்டுச் சாம்பல் எங்க? மூட்டம் பிரிக்கையில ஒரு கூடைகூடத் தேறாதே."

பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை, புகைக்கு ஏது எடை, எடை இருந்தால் அது எப்படி மேலே போகும் என்றது. இன்னொன்று, மூட்டத்துப் புகையில் நின்றால் சட்டை நசநசவென்று ஈரமாகிறதே, அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்றது. அதிகாரி அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து வந்து ஒரு கூட்டத்தில் நின்றுகொண்டு, தானும் சாம்பல் என்றுதான் காட்டியதாக ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுபடி அட்டை தூக்கச் சொன்னேன். புகைப் பக்கம் ஆள் கூடியிருந்தது. கருப்பசாமியும் அங்கே வந்திருந்தான். இந்த முறை பெயர்களையும் டிவியில் போட்டேன், ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றுமே வரவில்லை. முத்துமாரி அட்டையை மேலே தூக்கி, ஆ பக்கம் திருப்பி, அ பக்கம் திருப்பி, மறுபடி ஆ, சுற்றிக்கொண்டே இருந்தாள். கேமரா எத்தனை தடவை காட்டியும் பிடிக்கவில்லை.

"ஒரு பிள்ளை விட்டுப்போச்சே டீச்சர்" என்றார் சார்.

"யோசிக்கிறா சார்" என்றேன்.

அந்தக் கருவியில் பச்சை உண்டு, சிவப்பு உண்டு. யோசிக்கிற பிள்ளைக்கு நிறம் இல்லை. அதை நீங்கள்தான் நின்று பார்க்க வேண்டும். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பது பேரும் நாலு பக்கமாகப் பிரிந்து கிடக்கிறார்கள் என்பதை ஒரு நொடியில் எனக்குக் காட்டியது அதுதான். தெரியுமா என்று கேட்டால் அது தெரிந்ததை எண்ணிக் கொடுக்கும். ஏன் என்று கேட்டால், அவள் சொன்னதை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டால், எங்கே சண்டையை மூட்டிவிடலாம் என்று காட்டிக் கொடுக்கும். எதைக் கேட்பது என்பது நம் கையில் இருக்கிறது.

போகும்போது அதிகாரி அம்மா என்னிடம் கேட்டார், கடைசிவரை சரியான விடையைச் சொல்லவே இல்லையே என்று. நான் சொல்லிவிட்டால் அவர்கள் பேசுவதை நிறுத்திவிடுவார்கள் அம்மா, நாளைக்குச் செய்து பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ஜீப்பில் ஏறும் முன் குரலைத் தாழ்த்தி, "எனக்கு மட்டுமாவது சொல்லிருங்க" என்றார். பெரும்பாலும் புகைதான் அம்மா, அதில் தண்ணீரும் சேர்த்தி என்றேன்.

டிவி எங்களுக்கு வரவில்லை. வேறு பள்ளிக்குப் போனது. சார் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஏழாம் வகுப்பு ஆணியில் காலண்டர் தொங்கியது. மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமலே, அது எப்படி டீச்சர், புகைக்கு எடை இருந்தால் மேலே போகாதே என்று ஆரம்பித்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதிகாரி வந்த அன்றைய சாயங்காலத்தைப் பற்றி. பள்ளி விட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். கருப்பசாமி, முத்துமாரி, இன்னும் ஏழெட்டுப் பேர் அங்கே நின்று அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். மூடி போட்ட டப்பாவில் விறகுச் சிராயைப் போட்டுச் சுட்டு, வருகிற புகைக்கு மேலே தட்டைப் பிடித்தால் ஈரம் படுகிறதா என்று பார்த்துவிடலாம் என்றான் கருப்பசாமி. ஈரம் வந்தால் மட்டும் போதாது, டப்பாவை முன்னாலும் பின்னாலும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றாள் முத்துமாரி. எதில் நிறுப்பது, கடைத் தராசு கொடுப்பார்களா, அவ்வளவு கொஞ்ச எடை அதில் தெரியுமா என்று கிளம்பியது. என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. பள்ளித் தராசு சரியாக இருக்கிறதா என்று யோசித்து ஏதோ சொன்னேன், அதையும் ஒருத்தி மறுத்தாள்.

எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். பஸ் வந்து, நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.